லே போகிற பைக்கில் டென்ட்டைவிட மேட்தான் முக்கியம்

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ லடாக்குக்கு பைக் எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது 'எந்த டென்ட் வாங்கலாம்?' என்றுதான். ஒரு கிலோ டென்ட்டுக்கு பல ஆயிரம் கொட்டிவிட்டு, அடியில் விரிக்க யோகா மேட்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வரிசை தலைகீழ். முதல் செலவு மேட், அடுத்தது ஸ்லீப்பிங் பேக், டென்ட் கடைசி.

மணாலி–லே சாலையில் பலரும் இரவு தங்கும் சார்ச்சு கிட்டத்தட்ட 4,290 மீட்டர் உயரம். ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசியிலும் அங்கே இரவில் தண்ணீர் பாட்டில் உறைவது சகஜம். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு உசத்தியானாலும் முதுகுக்குக் கீழே நம் எடையில் அமுங்கிவிடும். அமுங்கிய இடத்தில் காற்று நிற்காது, சூடும் நிற்காது. அந்த இடத்தில் தரையின் குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான். வாங்கும்போது அதன் ஆர்-வேல்யூவை, அதாவது குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்ணைக் கேளுங்கள்; சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். மடக்கும் ஃபோம் மேட்டுக்கு சுமார் 2 வரும். உறைகிற இரவுக்கு 4-க்கு மேல் வேண்டும். இது நேரடிக் கூட்டல்: ஃபோம் 2, அதன்மேல் காற்று மேட் 3, ஆக 5. காற்று மேட் பஞ்சரானாலும் ஃபோம் கைவிடாது. கூடவே ஒரு பம்ப் சாக், அதாவது மேட்டுக்குள் காற்றடைக்கும் பை, வாங்கிவிடுங்கள். அந்த உயரத்தில் வாயால் ஊதினால் தலை சுற்றும், மூச்சின் ஈரமும் மேட்டுக்குள்ளேயே தங்கும்.

ஸ்லீப்பிங் பேக்கில் கொட்டை எழுத்தில் '-5' என்றிருந்தால், அது எந்த -5 என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 தரத்தில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று தனித்தனி எண்கள் உண்டு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கிற கணக்கு, தூங்குகிற கணக்கு இல்லை. குளிருக்குப் பழகாத நாம் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். வாத்துத் தூவி அடைத்த டவுன் பேக் சின்னதாக மடங்கும், ஆனால் நனைந்தால் பயனில்லை. வாயைச் சுருட்டிப் பூட்டுகிற டிரை பேக் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வழியில் லாட்ஜில் தங்கும் இரவுகளில் வெளியே எடுத்து உதறிப் போடுங்கள். நாள்கணக்கில் அமுக்கியே வைத்தால் தூவி உப்பாது.

டென்ட் இரண்டு கிலோ இருந்தாலும் பரவாயில்லை. கிராம் பார்ப்பது முதுகில் சுமப்பவன் கவலை. பைக்கில் இடம்தான் கவலை. இரண்டு அடுக்கு, அலுமினியக் கம்பி, முளை அடிக்காமலே தானாக நிற்கிற வகை. சார்ச்சு பக்கம் சரளைத் தரை, முளை இறங்காது; கயிற்றைக் கல்லில்தான் கட்ட வேண்டும். மடித்த கம்பியின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். 45 செ.மீ. கம்பி, பைக்கின் இரண்டு பக்கமும் தொங்கும் பல சேடில் பேக்குக்குள் நுழையாது.

அடுப்பு விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் நீள கேனில் பெரும்பாலும் பியூட்டேன். அது கடும் குளிரில் சரியாக ஆவியாகாது, அதனால் விடியற்காலையில் கேன் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு சரியாக எரியாது. ஐசோபியூட்டேன்–புரோப்பேன் கலந்த திருகு கேன் வாங்குங்கள். பைக்கை பார்சலில் போட்டுவிட்டு விமானத்தில் போகிறவர்கள் கேனை மணாலியிலேயே வாங்க வேண்டியதுதான், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். எவ்வளவு குளிரானாலும் டென்ட்டுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அரிசி, பருப்பு எடுத்துப்போகாதீர்கள். அங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. அவலும் வறுத்த ரவையும் போதும்.

கட்டும்போது கனமானவை கீழேயும் முன்னேயும் வரட்டும். பின் கேரியரில் உயரமாக அடுக்கினால் முன்சக்கரம் லேசாகி, சாலைக்குக் குறுக்கே ஓடும் நாலாவை (ஓடையை) கடக்கும்போது வண்டி வழுக்கும். சைலன்சர் பக்கத்துப் பையில் மேட்டும் டிரை பேக்கும் வேண்டாம், உருகிவிடும். டூல்ஸை அங்கே போடுங்கள்.

ஒன்று மட்டும் எந்தச் சாமானாலும் சரியாகாது. 2,050 மீட்டர் மணாலியிலிருந்து கிளம்பி அன்றிரவே சார்ச்சுவில் படுத்தால் தலைவலியும் வாந்தியும் வர வாய்ப்பு அதிகம். முதல் இரவை வழியில் உள்ள 3,200 மீட்டர் ஜிஸ்பாவில் போடுங்கள்.