இருட்டைத் துடைத்த புண்ணியவானுக்கு

கரவாஜியோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தை யாரோ ஒரு புண்ணியவான் செயலியில் போட்டு வெளிச்சமாக்கிப் பரப்பியிருக்கிறார். அந்தப் 'பளிச்' மத்தேயு படத்தை நேற்றிலிருந்து ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். நானூறு வருஷமாக இருட்டில் கிடந்த ஓவியம் இப்போதுதான் முழுசாகத் தெரிகிறதாம். கீழே ஆயிரக்கணக்கில் இதயக்குறிகள் வேறு.

இருட்டில் கிடக்கவில்லை ஐயா. இருட்டாகத்தான் வரைந்தார்.

1599-1600ல், ரோமில் இருக்கும் சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்துக்காகக் கரவாஜியோ வரைந்தது அது. வரி வசூலிக்கிறவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர்களில் ஒருவரான மத்தேயுவைச் சீடராக அழைக்க இயேசு வந்து நிற்கிறார். அவர் உடம்பு முக்கால்வாசி இருட்டுக்குள். முகத்தில் கொஞ்சமும், நீட்டிய கையும்தான் தெரியும். படத்திலேயே ஒரு சன்னல் இருக்கிறது. அதிலிருந்து துளி வெளிச்சம் வராது. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து, அவர் தலைக்கு மேலே சரிந்து விழுகிறது. மேசையின் கோடியில் ஒரு பையன் குனிந்து காசையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மத்தேயு அவனா, பக்கத்தில் விரல் நீட்டும் தாடிக்காரரா என்று இன்னும் சண்டை நடக்கிறது. நம்ம ஆள் அந்தப் பையன் முகத்தில் டியூப் லைட் போட்டுவிட்டார். மேலே வெறும் சுவராக இருந்த இடத்தில் செங்கல்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்!

கரவாஜியோ துணியில் முதலில் கரும்பழுப்பாக ஒரு அடிப்பூச்சு பூசுவார். நிழல் வேண்டிய பல இடங்களில் அதையே அப்படியே விட்டுவிடுவார். நிழலைத் துடைத்தால் அடியில் எதுவும் ஒளிந்திருக்காது. மறுபடி சொல்கிறேன், அது அழுக்கு இல்லை.

"சிஸ்டைன் சிற்றாலயத்தையே சுத்தம் செய்தார்களே" என்று வருவீர்கள். செய்தார்கள், 1980லிருந்து 1994 வரை. வாடிகனில் இருக்கும் அந்தச் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஓவியங்களிலிருந்து புகைக்கரியை எடுத்தார்கள். அதற்கே அவர் போட்ட நிழலையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டை வந்தது. "மத்தேயு இருக்கும் சான் லூயிஜி தேவாலயத்திலேயே காசு போட்டால் விளக்கு எரியுமே" என்பீர்கள். எரியும். கொஞ்ச நேரத்தில் அணைந்தும்விடும். அது வேறு விஷயம்.

அப்புறம், "மேட்டுக்குடி ரசனை" என்று ஒருவர். சரி. மாதா முன்னால் அழுக்குக் காலோடு மண்டியிடும் ஏழை யாத்திரிகர்களை வரைந்த மனுஷர் கரவாஜியோ. அந்தக் காலை நம்ம பக்கமே திருப்பி வைத்தார். உங்கள் செயலியிடம் கொடுத்தால் அதையும் கழுவிவிடும்.

கோபம் ஓவியத்துக்காக மட்டும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அம்மா போனபோது ஒரு ஸ்டூடியோவில் அவருடைய படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். பின்கட்டு வாசல்படியில், சாயங்கால வெயிலில் எடுத்த படம். ஒரு கன்னம் வெயிலில், மறு கன்னம் நிழலில். கண்ணுக்குக் கீழே ஒரு கருமை உண்டு. எனக்குத் தெரிந்து எப்போதுமே உண்டு. பிரேம் போட்டு வந்ததில் நிழல் இல்லை, கருமையும் இல்லை, நிறமே மூன்று படி ஏறியிருந்தது. பின்னால் நீல வானம். "நல்லா பளிச்சுனு பண்ணிருக்கோம் சார்" என்றார் அந்தத் தம்பி. மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அதைத்தான் மாட்டி மாலை போட்டோம். அத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யார்ரா இது?" என்றார்.

தயவுசெய்து அந்த மத்தேயுவை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள்.