நடுவில் தண்ணீர் இருக்கிறதே!

நேற்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். யூடியூப் தானாகவே 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்' பாட்டுக்குத் தாவிவிட்டது. கை முழுக்க சோப்பு, மாற்ற வழியில்லை. மாற்றியிருக்கவும் மாட்டேன் என்பது வேறு விஷயம். கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் சேர்ந்து பாடியது, 1983. இருவரும் அமெரிக்காவின் கிராமிய மணம் வீசும் 'கன்ட்ரி' இசைப் பாடகர்கள். இந்தப் பாட்டை யாருக்குப் போட்டுக் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ இருந்திருக்கும், இல்ல?"

இல்லைங்க. டாலி 1966-இல் கார்ல் டீனைக் கல்யாணம் செய்துகொண்டவர். 2025 மார்ச்சில் அந்த மனிதர் இறக்கும்வரை அதே கல்யாணம்தான். கென்னி ஐந்து முறை மாலை மாற்றியவர், ஆசையை மறைத்து வைக்கிற ஆள் இல்லை. இருவரும் கடைசிவரை "நண்பர்கள்" என்றுதான் சொன்னார்கள். நமக்குத்தான் அது போதவில்லை.

பாட்டு உண்டான கதையைப் பாருங்கள். எழுதியவர்கள் பீ ஜீஸ் இசைக்குழுவின் சகோதரர்கள். ஆமாம், டிஸ்கோவில் உலகத்தையே ஆட்டிவைத்த அதே மூன்று பேர். தலைப்பு மட்டும் எழுத்தாளர் ஹெமிங்வேயின் நாவலிலிருந்து எடுத்தது. அவர்களில் ஒருவரான பேரி கிப் தயாரித்த ஆல்பத்துக்காக கென்னி இதைத் தனியாகத்தான் பாடினார். நாலு நாள் மல்லுக்கட்டியும் சரிப்படவில்லை. பாட்டே பிடிக்காமல் போய்விட்டது என்று அவரே சொல்லிவிட்டார். அப்போதுதான் பேரி, டாலியைக் கூப்பிடலாம் என்றார். அவர் வந்து பாடியபின் பாட்டே வேறாகிவிட்டது என்று கென்னி எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாலு நாள் தனியாக நின்று காதலைப் பாடிப் பார்த்தவருக்கு வராதது, பதில் சொல்ல ஒரு குரல் கிடைத்ததும் வந்துவிட்டது.

ஹெட்ஃபோனில் கேளுங்கள். கென்னிதான் தொடங்குகிறார். கரகரப்பான, கொஞ்சம் தயங்குகிற குரல். டாலி உடனே முன்னால் வருவதில்லை. கென்னியின் குரலோடு ஒட்டிக்கொண்டு மேலே நூல் மாதிரி போகிறார். பல்லவி முடிந்து தன் முறை வரும்போது சுருதியே மாறுகிறது, அங்கேதான் டாலி தனியாக எழுந்து நிற்கிறார். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் முதுகு நிமிரும். பிறகு கென்னி வந்து சேர்ந்துகொள்கிறார், இம்முறை விட்டுக்கொடுத்துப் பாடுகிறார். ஒருவர் மூச்சு எடுக்கிற இடத்தை மற்றவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். நம் காதுக்குக் காதலாகக் கேட்பது அந்தக் கவனம்தான் என்பது என் கட்சி.

நிஜக் காதல் இருந்தால்தான் டூயட் நன்றாக வரும் என்பவர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் என்ற இன்னொரு கன்ட்ரி ஜோடியின் கதையைக் கேட்கட்டும். 1969-இல் கல்யாணம், 1975-இல் விவாகரத்து. 1976-இல் இருவரும் சேர்ந்து பாடிய 'கோல்டன் ரிங்' கன்ட்ரி பட்டியலில் முதலிடம். பாட்டு என்ன தெரியுமா? ஒரு ஜோடி அடகுக்கடையில் மோதிரம் வாங்குகிறது, கல்யாணம் நடக்கிறது, சண்டை வருகிறது, மோதிரம் திரும்ப அடகுக்கடைக்கே வந்துவிடுகிறது. விவாகரத்தான கையோடு, ஒருவர் சுருதிக்கு இன்னொருவர் சுருதி சேர்த்து இதைப் பாடியிருக்கிறார்கள்! எந்தக் காதல் வந்து அங்கே கைகொடுத்தது? தொழில் கைகொடுத்தது.

'ஐலண்ட்ஸ்' கன்ட்ரியே இல்லை, அது பாப் என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, டிஸ்கோக்காரர்கள் எழுதிய மெட்டுதானே. ஆனால் கன்ட்ரி பட்டியலிலும் அது முதலிடம், எல்லா வகைப் பாட்டுக்குமான அமெரிக்கப் பட்டியல் பில்போர்டு ஹாட் 100-இலும் முதலிடம். அதற்குப்பின் ஒரு கன்ட்ரி பாட்டு ஹாட் 100-இன் உச்சிக்குப் போக 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரிகளைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஓடுகிற நீரில் நாம் இரண்டு தீவுகள், நம் நடுவில் யாருமில்லை என்கிறார்கள். ஐயா, தீவு என்றாலே சுற்றிலும் தண்ணீர்தானே! இரண்டு தீவுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கத்தானே செய்யும்? முன்பெல்லாம் இதை அபத்தம் என்று கிண்டல் செய்வேன். இப்போது இந்த இருவர் வாயிலிருந்து வரும்போது மட்டும் அது பொருந்துகிறது. பக்கத்தில் பக்கத்தில்தான், ஆனால் ஒட்டவில்லை. அந்த இழுபறியைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்ததே நல்லது என்ற அர்த்தத்தில் கென்னியும் பேசியிருக்கிறார். சீண்டிக்கொண்டார்கள், கேலி பேசினார்கள், முப்பது வருஷத்துக்கு மேல்.

2017 அக்டோபர் 25, நாஷ்வில். கென்னிக்கு விடைகொடுக்கும் கச்சேரி. அவருக்கு 79, டாலிக்கு 71. இருவரும் ஒரே மேடையில் சேர்ந்து பாடியது அன்றோடு முடிந்தது. கென்னியின் குரல் நன்றாகவே தேய்ந்திருந்தது. அதே பாட்டு, அதே கேலி. 2020 மார்ச்சில் கென்னி போய்விட்டார்.

அந்தக் கச்சேரி வீடியோவை நண்பர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். முழுசாகப் பார்த்துவிட்டு, கண் கலங்கிவிட்டது என்று எழுதினார். அடுத்த நிமிஷமே இன்னொரு மெசேஜ்: "ஆனாலும், ஏதோ இருந்திருக்கும்ல?"