மூன்று அல்ல, நான்கு

கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுல் சிக்கிய மூன்று கப்பற்சேதங்களில் மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் நடந்ததும் ஒன்று என்கிறது அவரைப் பற்றிய ஒரு கட்டுரை. கணக்கு உதைக்கிறது. அந்த மூன்றையும் அவர் சொல்வது பைபிளில் உள்ள அவரது கடிதமான 2 கொரிந்தியர் 11:25-இல். அக்கடிதம் ஏறத்தாழ கி.பி. 55–56-இல் எழுதப்பட்டது. 276 பேருடன் சென்ற கப்பல் மெலித்தாவில் உடைந்ததோ அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஆக, குறைந்தது நான்கு.

கட்டுரை தொடாமல் விட்டது சவுக்கடி. அதே கடிதத்தில் அவர் சொல்லும் ‘ஒன்றுகுறைய நாற்பதடி’ யூத ஜெப ஆலயத் தண்டனை. பழைய ஏற்பாட்டின் உபாகமம் 25:3 நாற்பதுக்கு மேல் கூடாதென்கிறது. எண்ணிக்கை தவறிவிடாதிருக்க 39-இல் நிறுத்துவார்கள். ஜெப ஆலயத்தைவிட்டு விலகியிருந்தால் அதன் தண்டிக்கும் அதிகாரம் அவரைத் தொட்டிருக்காது. விலகவில்லை, ஐந்து முறை வாங்கினார். என் பார்வையில் கப்பற்சேதங்களைவிட இதுவே பெரிது. புயலை யாரும் தேடிப்போவதில்லையே. மிலாறுகளால் (பிரம்புகளால்) மூன்று முறை அடிவாங்கியதாகவும் அதே கடிதத்தில் சொல்கிறார்; அவற்றில் பிலிப்பி பட்டணத்தில் நடந்ததை மட்டுமே பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் நூல் விவரிக்கிறது.