ஊப்ஸ்னா என்னன்னு யாரைக் கேக்கிறீங்க?

நேத்து சாயங்காலம் அக்கா மக கம்ப்யூட்டர் பாடத்துல வைவா (வாய்மொழித் தேர்வு) முடிஞ்சு நேரா பாளையங்கோட்டைக்கு, எங்க வீட்டுக்கு வந்தா. முகமே சரியில்லை. "ஊப்ஸ்னா என்ன?"ன்னு கேட்டிருக்காங்க. ஊப்ஸ்ங்கிறது ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்: தன் தரவையும் வேலையையும் சேர்த்து வச்சிருக்கிற ஆப்ஜெக்டுகளாப் பிரிச்சு புரோகிராம் எழுதுற முறை. "அது யாரைக் கேக்கோம்ங்கிறதைப் பொறுத்து மாறும் சார்"னு ஆரம்பிச்சிருக்கா. நாலு தூணைச் சொல்லுன்னு அதோட மறிச்சிட்டாங்களாம். "மாமா, நான் சொன்னது தப்பா?"

தப்பே இல்லை. அவ சொன்னதுதான் சரி.

என்கேப்சுலேஷன் (உள்ள இருக்கிறதை மூடி வச்சுக்கிடுறது), அப்ஸ்ட்ராக்‌ஷன் (தேவையானதை மட்டும் வெளிய காட்டுறது), இன்ஹெரிட்டன்ஸ் (ஒண்ணோட குணத்தை இன்னொண்ணு வாரிசா வாங்கிக்கிடுறது), பாலிமார்பிசம் (ஒரே சொல்லுக்கு ஒவ்வொண்ணும் தன் வழியில வேலை செய்யுறது). வாய்ப்பாடு மாதிரி பிள்ளைங்க ஒப்பிக்குது. தூணைத் தட்டிப் பார்த்திருக்கோமா? பைத்தான் மொழியில பேருக்கு முன்னாடி ஒரு அடிக்கோடு போட்டா 'தொடாதீங்க'ன்னு கேட்டுக்கிடுறதுதான், பூட்டு கிடையாது. கோ மொழியில இன்ஹெரிட்டன்ஸே இல்லை. 'இது ஊப்ஸ் மொழியா'ங்கிற கேள்விக்கு அதை உருவாக்கினவங்க ஆமான்னும் இல்லைன்னும் சேர்த்தே பதில் எழுதி வச்சிருக்காங்க. ஜாவாஸ்கிரிப்ட் வந்தது 1995-ல. கிளாஸ்னு (ஒரே மாதிரி ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு) எழுத வழி வந்தது 2015-லதான். அந்த 20 வருஷமும் அதுல ஆப்ஜெக்ட் இல்லாமலா இருந்துச்சு?

கிளாஸும் இன்ஹெரிட்டன்ஸும் நார்வேயில பிறந்தது. அந்த ஊர் விஞ்ஞானிங்க டாலும் நிகார்டும் சிமுலேஷனுக்காக (நிஜ நடப்பைக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறது) செஞ்ச சிமுலா 67-ங்கிற மொழியில. அதைப் பார்த்துத்தான் ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1979-ல சி மொழியோட கிளாஸைச் சேர்க்க ஆரம்பிச்சு, அது சி++ ஆச்சு. நம்ம பாடத்திட்டம் இந்த வழி வந்தது. ஆனா ஊப்ஸ்னு பேர் வச்சவர் ஆலன் கேங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி. 'ஆப்ஜெக்ட்'னு பேர் வச்சதுக்கே 1998-ல வருத்தப்பட்டார். பெரிய விஷயம் மெசேஜிங்தான், அதாவது ஆப்ஜெக்டுகள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கிடுறதுதான்னார். 2003-ல அவர் கொடுத்த விளக்கத்துல இன்ஹெரிட்டன்ஸுக்கு இடமே இல்லை. மெசேஜ் அனுப்புறது, தன் நிலையைத் தனக்குள்ளயே வச்சுக் காக்குறது, எதையும் கடைசி நேரம் வரைக்கும் முடிவு பண்ணாம விடுறது. அவ்வளவுதான்.

அவளுக்கு எங்க வயலை வச்சுச் சொன்னேன். பாளையங்கால்வாய்ப் பாசனம். தண்ணி பாய்ச்சுறவர்கிட்ட அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாங்க: "நாளைக்கு நம்ம வயலுக்குத் தண்ணி வேணும்." எந்த மடையை எப்போ திறக்கணும், வரப்புல எங்க வெட்டணும்ங்கிறது அவர் பாடு. அப்பா மண்வெட்டியைத் தொட்டா அவருக்குக் கோபம் வந்துரும். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல், அவர் மச்சான் வந்தார். அப்பா சொன்னது அதே சொல்லுதான். அவர் வேற மடையைத் திறந்தார். விடியும்போது வயல் நனைஞ்சு கிடந்துச்சு. கே சொன்ன மூணும் இதுக்குள்ள இருக்கு.

"இதுல கிளாஸ் எங்க மாமா?"ன்னு உடனே கேட்டா. நல்ல கேள்வி. டாலும் நிகார்டும் வந்திருந்தா ரெண்டு பேரையும் 'பாய்ச்சுறவர்'ங்கிற ஒரே கிளாஸ்ல எழுதிட்டு, அப்புறம்தான் வேலையை ஆரம்பிச்சிருப்பாங்க. ரெண்டும் ஊப்ஸ்தான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை.

வைவா எடுக்கிற ஆசிரியர்களுக்கு என் வேண்டுதல்: ஒரு பிள்ளை அப்படி ஆரம்பிச்சா மறிக்காதீங்க. "சரி, நீ யார் சொன்னதை எடுத்துக்கிடுற, ஏன்?"னு கேளுங்க. எங்க வீட்டுப் பிள்ளை பத்து நிமிஷம் பதில் சொல்லியிருக்கும்.