ஸ்பீக்கர் விலையில் பத்தில் ஒரு பங்கு கேபிளுக்கா?

"ஐந்து லட்சத்துக்கு டவர் ஸ்பீக்கர் வாங்கினால் ஐம்பதாயிரத்துக்குக் கேபிள் போட வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) வராது" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு.

கணக்கைப் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் தூரம். போக வர 10 மீட்டர். மின்தடை சுமார் 0.07 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறையும் ஒலி 0.15 டெசிபல்தான், காதுக்குத் தெரியாது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் அதே கனம்தான் இது. தூரம் 10 மீட்டரைத் தாண்டினால் 4 சதுர மி.மீ. போடலாம், அவ்வளவே.

பேஸ் நிஜமாகவே காணோம் என்றால் முதலில் கேபிள் மாட்டும் முனைகளைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் அங்கேயே அடிபட்டுவிடும். (சரியாக முறுக்காமல் விட்ட ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயருக்கே ஆபத்து.) இணைப்பு சரியென்றால், அடுத்தது சுவர். பேஸ் கோன் (பேஸ் ஒலியை எழுப்பும் கூம்பு) பின்சுவரிலிருந்து 85 செ.மீ. தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 100 ஹெர்ட்ஸ் பக்கம் நேரொலியை வெட்டும். ஸ்பீக்கரைப் பத்துப் பத்து செ.மீ.யாக நகர்த்திக் கேளுங்கள்.