காஸ் பிடித்து அனுப்பினால் போதுமா?

அம்மாவுக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. மாரியில் வாடை வீசினால் ஒரு பாடு, மாசி பங்குனியில் வேளாண்மை வெட்டு மெசின் இறங்கித் தூசு பறந்தால் இன்னொரு பாடு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து நடுச்சாமத்தில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியே பழகிவிட்டோம்.

போன கிழமை அலுமாரியை ஒதுக்கும்போது அம்மாவின் பழைய மருந்துக் கொப்பிகள் கிடைத்தன. மூலை சுருண்டு, மழையில் நனைந்து மை பரவிய கொப்பிகள். இருந்து எண்ணினேன். மூன்று வருடத்தில் 17 தடவை காஸ், அதாவது மருந்தைப் புகைபோலாக்கி முகமூடியால் இழுக்க வைக்கும் நெபுலைசர், பிடித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கீழே ஒரே எழுத்து: சல்பியூட்டமோல் குளிசை, ஐந்து நாளுக்கு பிரெட்னிசலோன். தடுப்புப் பம்ப், அதாவது பெக்லோமெதசோன், இரண்டே இரண்டு தடவை. அதையும் எப்படி இழுப்பது என்று யாரும் காட்டித் தரவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அந்த இரவுகளில் அம்மாவின் மூச்சைத் திருப்பித் தந்தவர்களும் அவர்கள்தான்.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காஸில் வரும் சல்பியூட்டமோல் இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும், நாலைந்து மணித்தியாலம் தாங்கும். குழாயின் உட்பக்க வீக்கம் அப்படியே இருக்கும். அதை வற்ற வைப்பது தடுப்புப் பம்பில் இழுக்கும் ஸ்டீரொயிட் மருந்துதான். சுகமாக இருக்கும் நாளிலும் தினமும் இழுக்க வேண்டும், பலன் தெரியக் கிழமைக்கணக்காகும். அதனால்தான் அவசரத்தில் அது விடுபட்டுப் போகிறது. மூச்சு வந்ததும் நாமும் வீட்டுக்குப் போகத்தான் அவசரப்படுகிறோம்.

ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான ஜீனா, வளர்ந்தவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சல்பியூட்டமோலை மட்டும் கொடுத்து விடக்கூடாது என்று 2019இலேயே சொல்லிவிட்டது. பிரித்தானியாவில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்த அறிக்கை 2014இல் வந்தது. மருந்துக் கணக்குக் கிடைத்தவர்களில் 39 வீதமானோருக்கு, இறப்பதற்கு முந்திய வருடத்தில் 12க்கு மேற்பட்ட சல்பியூட்டமோல் வகைப் பம்ப்கள் எழுதப்பட்டிருந்தன. வசதியான நாட்டிலேயே இந்த நிலை.

சரி, டொக்டர்மாரை மட்டும் குறை சொல்லி என்ன? "பம்ப் பழகினா பிறகு விடேலாது மகள்" என்று அம்மாவே எத்தனை தடவை சொல்லியிருப்பார். கலியாணப் பேச்சு நடக்கும் பிள்ளைகள் பம்பைக் கைப்பையின் அடியில் ஒளிக்கிறார்கள். ஸ்டீரொயிட் என்றால் பயம். ஆனால் விழுங்கும் பிரெட்னிசலோனும் ஸ்டீரொயிட்தான். எடைக்கணக்கில், அதன் ஒரு 5 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் 25 நாள் இழுக்கும் மருந்துக்குச் சமன். அம்மா ஒரு நாளில் ஆறு குளிசை விழுங்கியிருக்கிறார்!

போன வருடம் ஒரு கிளினிக்கில் தாதி ஒருவர் அம்மாவை நேரே இருத்தி, 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்ப் வாய்க்கு அளவாக ஓட்டை போட்டு, போத்தல் வாயில் உதட்டை வைத்து ஆறுதலாக இழுக்கப் பழக்கினார். இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னார், இல்லாவிட்டால் வாயில் வெண்புண் வரும். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. இந்த வெட்டுக்கு அம்மா காஸ் பிடிக்கப் போகவில்லை.

எங்கள் பக்கத்து டொக்டர்மார் யாரும் இதை வாசித்தால், காஸ் பிடித்தவரை அனுப்பும்போது கொப்பியில் தடுப்புப் பம்பையும் ஒரு வரி எழுதி விடுங்கள். வீட்டில் முட்டு உள்ளவர்களே, எழுதாவிட்டால் கட்டிலை விட்டு இறங்க முதல் கேளுங்கள்.