வெட்டிவிட்டு அதையே ஒரிஜினலைவிட மேல் என்றால் எப்படி?

அமெரிக்கப் பாடகர் டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' பாட்டைப் பாப் பாடகி மடோனா சுருக்கிப் பாடியதே ஒரிஜினலைவிட மேல் என்ற நேற்றைய பதிவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். "மடோனா பாடியதே போதும், ஒரிஜினல் ஒரே இழுவை" என்றது ஒரு பக்கம். மறுத்துப் பேசிய என்னை, "பெருசுகளுக்குப் புதுசு பிடிக்காது" என்று ஒதுக்கியதுதான் வலிக்கிறது. மடோனா பாடியது 2000-இல். அதிலென்ன புதுசு?

மறுபடியும் சொல்கிறேன். மடோனா பாடியதில் எனக்கு வருத்தமில்லை, வெட்டியதில்தான் வருத்தம்.

டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை' 1971-இல் வந்தது. எட்டரை நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஒரு சாவுச் செய்தியில் பிறந்த பாட்டு. 1959 பிப்ரவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்து பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் என்ற ராக் பாடகர்கள் மூவரும் விமானியோடு இறந்துபோனார்கள். ஹாலிக்கு வயது 22, வாலன்ஸுக்கு 17. மெக்லீன் அப்போது வீடு வீடாகப் பேப்பர் போடும் 13 வயதுப் பையன். அந்தப் பிப்ரவரிக் குளிர், போடப்போன பேப்பர், கணவனை இழந்த இளம்பெண் எல்லாம் மெக்லீன் பாட்டின் தொடக்கத்திலேயே, பியானோவோடு மெதுவாக வந்துவிடும். மடோனா பாட்டில் அந்த வரிகளே இல்லை! பழைய சந்தோஷத்தைச் சொன்ன கையோடு துள்ளலுக்குப் போய்விடுகிறது. சாவுச் செய்தியையே எடுத்துவிட்டால் 'பை பை' என்று பல்லவியில் யாருக்கு விடை கொடுக்கிறோம்? அறுபதுகளின் அமெரிக்கா முழுவதும் வந்துபோகும் நடுச் சரணங்களும் காணோம். நாலரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

"மெக்லீனே மடோனாவைப் பாராட்டினாரே" என்பீர்கள். பாராட்டட்டும், அவர் பாட்டு. கேட்கிற எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கக்கூடாதா?

"பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை பைர்ட்ஸ் குழு 1965-இல் ஒரே சரணமாகச் சுருக்கியதே, அது மட்டும் சரியா?" என்று ஒருவர் மடக்கினார். சரிதான், அது எனக்கும் பிடித்த பாட்டு. ஆனால் அது துக்கப் பாட்டு இல்லை. இது துக்கப் பாட்டு. அவ்வளவுதான் என் பதில்.

"இந்தக் காலத்தில் யாருக்குப் பொறுமை?" என்றும் கேட்கிறார்கள். மெக்லீன் பாட்டு இந்த நீளத்தோடுதான் 1972-இல் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதைவிட நீளமான பாட்டு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது 2021-இல்தான். டெய்லர் ஸ்விஃப்டின் பத்து நிமிடப் பாட்டு. அதைக் கேட்டு அழுததெல்லாம் சின்னப் பிள்ளைகள். பொறுமையில்லை என்று அவர்கள் தலையில் பழியைப் போடாதீர்கள்.

எங்கள் அப்பத்தா இறந்தபோது அத்தை ஒப்பாரி வைத்தார். பிறந்த வீடு, பஞ்ச காலம், பிள்ளைகளை வளர்த்த பாடு என்று வரிசையாகச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். பாதியில் ஒரு சொந்தக்காரர், "போதும்மா, வண்டி நிக்குது" என்று அதட்டினார். அத்தை நிறுத்திவிட்டார். அம்மாவை ஒழுங்காக அழுது அனுப்பவில்லையே என்று இன்றைக்கும் சொல்லிப் புலம்புகிறார். அவருக்கு யாரும் பதில் சொல்ல முடியவில்லை.

ஆடுவதற்கு ஒரு பாட்டு வேண்டுமா, மடோனாவைப் போட்டுக்கொள்ளுங்கள். மெக்லீனைப் பிடிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். ஒருவன் செத்தவர்களை நினைத்து அழுததை மட்டும் இழுவை என்று சொல்லாதீர்கள்.